டேலண்ட் என்பது யாருடையது?

‘டேலண்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லை நாம் அன்றாடம் கேட்கிறோம். நன்றாகப் பாடும் பிள்ளைக்கு ‘நல்ல டேலண்ட்’ என்கிறோம். எதிலும் பரிசு வாங்காத பிள்ளையைப் பார்த்து, ‘இவனுக்கு ஒரு டேலண்டும் இல்லை’ என்றும் சொல்லிவிடுகிறோம். இச்சொல் வந்த வழியை அறிந்தால், அப்படிச் சொல்ல நம் நாவு தயங்கும்.

கிரேக்க மொழியில் ‘தாலந்தோன்’ என்றால் தராசு. பிறகு, தராசில் நிறுக்கும் ஓர் எடைக்கும் அதுவே பெயராயிற்று. ஏதென்ஸ் நகரில் அது ஏறக்குறைய 26 கிலோ. அந்த எடையுள்ள வெள்ளியையும் அப்பெயராலேயே அழைத்தார்கள். ஒரு தாலந்து என்பது 6,000 திராக்மா. நம் தமிழ் விவிலியத்தில் வரும் ‘தாலந்து’ இச்சொல்லே.

திராக்மாவுக்கு ஏறக்குறைய இணையானது உரோமையரின் தெனாரியம். இயேசுவின் காலத்தில் அது கூலியாளின் ஒரு நாள் கூலி. ஆண்டுக்கு 300 நாள் உழைத்தாலும், ஒரு தாலந்து ஈட்ட 20 ஆண்டுகள் ஆகும்! ஆகவே, மத்தேயு நற்செய்தி 25ஆம் அதிகாரத்து உவமையில் ஒரே ஒரு தாலந்து பெற்ற பணியாளரும் ஏழையாக விடப்படவில்லை. அவர் கையிலும் பெருஞ்செல்வம் இருந்தது.

பணத்தைக் குறித்த இச்சொல் திறமையைக் குறிக்கத் தொடங்கியது எப்படி? இடைக்கால ஐரோப்பாவில் இதற்கு ‘விருப்பம், மன நாட்டம்’ என்ற பொருளும் இருந்தது. பழைய பிரெஞ்சு வழியாக அப்பொருள் ஆங்கிலத்திற்கும் வந்தது. பின்னர், 15ஆம் நூற்றாண்டில், இந்த உவமைக்குத் தரப்பட்ட விளக்கத்தால், ‘கடவுள் ஒப்படைத்த திறன்’ என்ற பொருள் ஆங்கிலத்தில் பரவியது. நாளடைவில் ‘கடவுள்’ மறைந்தார், ‘ஒப்படைத்த’ என்பதும் மறைந்தது. ‘திறன்’ மட்டும் எஞ்சியது. இன்று அது திறமைசாலிகளின் கூட்டத்தையே குறிக்கும் சொல்லாகவும் ஆகிவிட்டது.

உவமையைக் கூர்ந்து வாசித்தால் ஒன்று விளங்கும். தலைவர் அவரவர் திறமைக்கு ஏற்பவே தாலந்துகளைக் கொடுத்தார். அப்படியானால் கதையில் திறமை வேறு, தாலந்து வேறு. தாலந்து என்பது நம்பி ஒப்படைக்கப்பட்ட பிறர் பொருள். ஐந்தைப் பத்தாக்கியவருக்கும், இரண்டை நான்காக்கியவருக்கும் ஒரே பாராட்டுத்தான் கிடைத்தது. மூன்றாமவர் எதையும் திருடவில்லை, தொலைக்கவுமில்லை. அஞ்சினார், புதைத்தார். அதுவே அவர்மீதான குற்றம்.

நமக்கு ஒப்படைக்கப்பட்டவை எவை? படுக்கையில் கிடக்கும் தாய், நம்மை நம்பி மனம் திறக்கும் நண்பர், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தரக் கிடைக்கும் ஒரு மணி நேரம், பெற்றோர் நமக்குக் கையளித்த நம்பிக்கை வாழ்வு. இவற்றுக்கு மேடையும் இல்லை, பரிசும் இல்லை. ஆனால் இவையும் தாலந்துகளே.

எனவே, பரிசு வாங்காத அந்தப் பிள்ளையிடம் இனி, ‘உனக்கு என்ன டேலண்ட் இருக்கிறது?’ என்று கேட்க வேண்டாம். ‘உன்னை நம்பி ஆண்டவர் எதைத் தந்திருக்கிறார்? வா, சேர்ந்து தேடுவோம்’ என்போம். அச்சத்தால் நாம் புதைத்து வைத்திருப்பதைத் தோண்டி எடுக்கும் துணிவை இறைவன் நமக்குத் தருவாராக.