மாவு புளித்தால் புளிக்கட்டும்!

"அடுத்த ஆண்டு கட்டாயம் ஊட்டிக்குப் போவோம்" என்னும் வாக்குறுதி உங்கள் இல்லத்தில் எத்தனை ஆண்டுகளாக ஒலித்துக்கொண்டிருக்கிறது? பணம் சேரட்டும், பிள்ளைகளின் தேர்வு முடியட்டும், மூத்தவளின் நிக்காஹ் நடந்தேறட்டும் என்று நாமும் ஒத்திப்போட்டுக்கொண்டே வருகிறோம்.

உழைத்துக் களைத்தவர் தமக்குத் தாமே ஓர் ஓய்வைப் பரிசாக அளித்துக்கொள்வது வீண் செயலாகாதா என்று சிலர் தயங்கக்கூடும். பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் வணக்கமுமாக இருந்த அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களுக்கு, உடலுக்கும் கண்களுக்கும் மனைவிக்கும் அவர்மீது உரிமை உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் எடுத்துரைத்த செய்தி புகாரியில் இடம்பெற்றுள்ளது. இதை மாணவர்களுக்குப் பலமுறை பாடம் நடத்தியவன் நான். அதில் கூறப்பட்ட மூன்றாவது உரிமையின் பொருள் ஏலகிரி மலையில்தான் எனக்கு விளங்கியது.

சில ஆண்டுகளுக்கு முன் ஏற்காட்டுக்குச் சென்றிருந்தோம். ஒரு வாரம் திட்டமிட்ட பயணம் அது. புறப்படும் நாளன்று என் துணைவியார் இரவு இரண்டு மணிக்கே எழுந்து புளிச்சோறு கிளறி, கோழி பொரித்து, பிள்ளைகளின் மாற்றுடைகளையும் எடுத்து வைத்தார். நாங்கள் ஏரியில் படகேறியபோது அவர் கரையில் ஒரு மரத்தடியில் சாய்ந்து உறங்கிவிட்டார். வீடு திரும்பியதும் பாத்திரங்களைத் துலக்கியவரும் அவரே. அதற்கு நான் குடும்பச் சுற்றுலா என்று பெயர் சூட்டியிருந்தேன்!

அண்மையில் எங்கள் மதரஸாவின் ஆண்டுத் தேர்வு முடிந்து, விடைத்தாள்களைத் திருத்தி ஒப்படைத்த மறுநாள், சுப்ஹு தொழுதுவிட்டு வந்தவுடன் அவரிடம், "அடுப்பு மூட்ட வேண்டாம். ஏலகிரிக்குப் போய் வருவோம், புறப்படு" என்றேன்.

"ஏங்க, நாஷ்டாவுக்கு மாவு அரைத்து வைத்திருக்கிறேனே, புளித்துப் போகுமே!" என்றார்.

"புளித்தால் புளிக்கட்டும். நாளைக்குத் தோசை வார்த்துக்கொள்ளலாம்" என்றேன். அரை மணி நேரத்தில் பேருந்தில் இருந்தோம்.

திருப்பத்தூர் மாவட்டத்தில், வாணியம்பாடிக்கும் ஜோலார்பேட்டைக்கும் அருகே அமைந்துள்ளது ஏலகிரி. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரம். அடிவாரத்திலுள்ள பொன்னேரியிலிருந்து ஏறும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றுக்குத் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்களின் பெயர்களைச் சூட்டியுள்ளனர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும் என்பர். ஆகவே ஊட்டியின் குளிரை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். சமவெளியின் புழுக்கம் தீரும், அவ்வளவே. மலையாளி எனப்படும் பழங்குடி மக்களின் சிற்றூர்கள், பலா மரங்கள், படகு செல்லும் புங்கனூர் ஏரி ஆகியவற்றை அவசரமின்றிக் கண்டு களிக்க ஒரு பகல் போதும்.

லுஹர் நேரம் வந்தது. பயணத் தொழுகைக்குரிய தொலைவு சுமார் 80 கிலோ மீட்டர் என்பர். நாங்கள் அவ்வளவு தூரம் வரவில்லையாதலால் முழுமையாகத் தொழ முனைந்தோம். புல்தரையில் துணியை விரித்தபோது, என் துணைவியார் சுற்றுமுற்றும் பார்த்து, அமர்வதற்கு ஒரு கல்லைத் தேடினார்.

"எதற்கு?" என்றேன்.

"முழங்கால் மடங்கவில்லைங்க. நாலு மாதமாக நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுகிறேன்" என்றார், எளிய செய்தியைச் சொல்வது போல.

ஐவேளையும் பள்ளிவாசலுக்குச் செல்பவன் நான். இல்லத்தில் அவர் எப்படித் தொழுகிறார் என்பதை நான்கு மாதங்களாக அறியாதிருந்திருக்கிறேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்கவும் எனக்கு நா எழவில்லை. சொல்வதற்கு அவருக்கு நேரமும் இல்லை. கேட்பதற்கு நான் அருகில் இருந்ததும் இல்லை. மறுவாரமே மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். அல்ஹம்துலில்லாஹ், சிகிச்சை தொடர்கிறது.

சகோதரர்களே! திட்டமிட்ட பயணத்தின் பாரம் பெரும்பாலும் பெண்களின் தலையிலேயே விழுகிறது. நினைத்தவுடன் புறப்பட்டால் சமைக்கவும் மூட்டை கட்டவும் நேரமிராது. அந்நேரமின்மையே அவர்களுக்கு ஓய்வு. வழியில் ஓர் உணவகத்தில் இட்லியோ தயிர்ச்சோறோ வாங்கித் தாருங்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வாகனத்தில் செல்வோர் இ-பாஸ் பெற வேண்டும் என்னும் ஏற்பாடு 2024 மே 7-இல் வந்தது. ஆதலால் திடீர்ப் பயணத்துக்கு உங்கள் ஊருக்கு அண்மையிலுள்ள சிறு மலையே ஏற்றது. விடுமுறை நாள்களின் நெரிசலைத் தவிருங்கள். வளைவுகளில் தலைசுற்றல் வராதிருக்க, ஏறுமுன் வயிறு நிறைய உண்ணாதீர்கள். மக்ரிபுக்கு முன் இறங்கிவிடுங்கள்.

மறுநாள் அந்த மாவில் வார்த்த தோசை சற்றுப் புளித்துத்தான் இருந்தது. நாற்காலியில் அமர்ந்து அதை வார்த்தவன் நான். வட்டமாக வரவில்லை, எனினும் என் துணைவியார் மூன்று தோசை உண்டார்.