புதுத் தோள்! பழைய தசை!

1893-ம் ஆண்டு. பாரிஸ் நகரில் ஒருவருடைய தோள் மூட்டைக் காசநோய் அரித்துவிட்டது. டாக்டர் பெயான், பிளாட்டினமும் ரப்பரும் கொண்ட செயற்கைத் தோளைப் பொருத்தினார்! கிருமி விடவில்லை. சுமார் 2 ஆண்டில் அதைக் கழற்ற நேர்ந்தது.

இன்று உலோகமும் பிளாஸ்டிக்கும் பொருத்துகிறார்கள். வலி சீக்கிரம் குறைகிறது. பலம் மட்டும் மெல்லத்தான் வரும். ஏன்? மூட்டுதான் புதிது, தசை பழையது. அதிலும், பெரும்பாலும் தோளின் முன்புறத் தசை ஒன்றைப் பிரித்துத்தான் மூட்டை மாற்றுகிறார்கள். பிறகு அதைத் தைத்துவிடுகிறார்கள். அது ஒட்டும் வரை, சில வாரங்கள், கை பட்டையில் தொங்க வேண்டும். "வலிதான் இல்லையே!" என்று நாற்காலியில் கையை ஊன்றி எழுந்தால்கூடத் தையல் பிய்ந்துவிடலாம்.

முதலில் பிறர் கையைத் தூக்கிவிட வேண்டும். அப்புறம் தானே தூக்கலாம். ஏறக்குறைய 3 மாதம் கழித்து, ரப்பர் பட்டையை இழுக்கும் பயிற்சி. பலம் திரும்ப ஒரு வருஷம்கூட ஆகலாம்.