பயாஸ் பதிப்புகளும் நினைவக வேகமும்

கணினி தொடங்கும்போது நினைவகத்தைச் சோதித்து, அது இயங்க வேண்டிய வேகத்தை அமைப்பது தாய்ப்பலகையிலுள்ள பயாஸ் ஆகும். ஆகவே பயாஸ் பதிப்பு மாறினால் ஓவர்கிளாக்கிங்கின் எல்லையும் மாறக்கூடும். ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் செயலிகள் 2017 மார்ச்சில் வெளிவந்தபோது, பல தாய்ப்பலகைகளில் நினைவகம் அதன் உறையில் அச்சிட்டிருந்த வேகத்தை எட்டவில்லை. மே மாதம் அறிவிக்கப்பட்ட அஜீசா 1.0.0.6 என்னும் அடிப்படை நிரல் 26 புதிய நினைவக அமைப்புகளைத் திறந்துவிட்டது. புதிய பயாஸை ஏற்றிய பலருக்கு, அதே வன்பொருளிலேயே கூடுதல் வேகம் கிடைத்தது.

இரு பதிப்புகளை ஒப்பிடுவோர் பெரும்பாலும் 3200 போன்ற வேக எண்ணை மட்டுமே பார்க்கிறார்கள். அது போதாது. நாம் 'ஆட்டோ' என விட்டுவிடும் துணை டைமிங்குகளைப் பயாஸே தேர்கிறது. புதிய பதிப்பு அவற்றைத் தளர்த்தியிருந்தால், எண் அப்படியே இருக்க, தாமதம் கூடிவிடும். எனவே எல்லா டைமிங்குகளையும் குறித்துக்கொண்டு, இரு பதிப்புகளிலும் ஒரே மதிப்புகளைக் கையால் இட்டுப் பலமுறை அளக்க வேண்டும்.

அடுத்து மெம்டெஸ்ட்86 சோதனையைப் பல மணி நேரம் ஓட்டுங்கள். ஒரு பிழை வந்தாலும் அந்த வேகம் வேண்டாம்; நினைவகப் பிழை கோப்புகளைச் சத்தமில்லாமல் கெடுக்கும். பதிப்பை மாற்றும்போது மின்சாரம் போனால் தாய்ப்பலகையே தொடங்காமல் போகலாம். சில பதிப்புகளிலிருந்து பழையதற்குத் திரும்பவும் முடியாது. தயாரிப்பாளரின் குறிப்பை முன்கூட்டியே படித்துவிடுங்கள்.