நீரில் தவறியோரை மீட்கும் ஊர்க் குழு: எங்கிருந்து தொடங்குவது?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வழுக்கையாற்றை விட்டால் ஆறென்று சொல்ல எதுவுமில்லை. அதுவும் மாரியில் மட்டுமே ஓடும். துலாவிலும் வாளியிலும் அள்ளிக் குளித்துப் பழகிய எமது கமக்காரக் குடும்பங்கள் 1995 ஒக்டோபர் இறுதியில் வீடு வாசலை விட்டு வெளியேறின. அவற்றுள் பல 1996இல் கிளாலிக் கடனீரேரியைக் கடந்து வன்னிக்கு வந்து குளக்கரைகளிலும் வாய்க்கால் ஓரங்களிலும் குடிசை போட்டன. பின்னர் 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களுக்குள் அடைபட்ட பிள்ளைகள், ஊர் திரும்பியபோது தம் சொந்தக் குளத்தையே புதிதாகப் பார்த்தார்கள். எங்கே படுகுழி, எங்கே தாமரைக்கொடி என்று சொல்லித்தரும் பெரியவர்கள் பல வீடுகளில் இல்லை. போதாக்குறைக்கு ஆற்றுப் படுக்கையில் மணலையும் காட்டில் கிரவலையும் அகழ்ந்தவர்கள் மூடாமல் விட்ட குழிகள் மாரியில் நிரம்பி, மேலுக்கு முழங்கால் தண்ணீர் போலத் தோற்றம் காட்டுகின்றன.

எவராவது குளத்தில் தவறினால் கடற்படைச் சுழியோடிகள் வரும்வரை கரையில் நின்று அழுவதுதானா எமது விதி, நாமே சுழியோடப் பழகக் கூடாதா என்று இளைஞர் பலர் கேட்கின்றனர். பழகலாம். ஆனால் காற்றுச் சிலிண்டர் இந்த வேலையின் கடைசிப் படி. முதற்படியை விட்டுவிட்டு அதில் ஏற முனைந்தால், ஒரு வீட்டின் இழவு இரண்டு வீட்டின் இழவாகும்.

காரணம் எளியது. மூச்சு நின்றபின் மூளை தாங்குவது நான்கு முதல் ஆறு நிமிடங்கள் வரைதான். அதற்குள் எந்த ஊர்ச் சுழியோடியும் வந்து சேரமாட்டார். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது பரந்தன் – முல்லைத்தீவு ஏ35 வீதியில் பாலமே உடைந்ததை நாம் அறிவோம். அப்படியான நாளில் ஆறு நிமிடம் என்ன, ஆறு மணித்தியாலமும் போதாது. ஆகவே உயிரோடு மீட்பது கரையில் நிற்பவரின் வேலை. சுழியோடி வருவது பெரும்பாலும் உடலை எடுக்க. இந்த இரண்டையும் பிரித்து அறிந்துகொண்டால் பாதிப் பயிற்சி முடிந்தது என்போம்.

கரையில் நிற்பவருக்கு வேண்டியவை எல்லாம் எமது வளவுகளிலேயே உண்டு. காற்றடித்த உழவு இயந்திர ரியூப் ஒன்று மூன்று நான்கு பேரை மிதக்க வைக்கும். மூடி இறுகிய ஐந்து லீற்றர் பிளாஸ்டிக் கான் ஒருவரின் தலையை நீருக்கு மேல் வைத்திருக்கப் போதும். அதற்குள் ஒரு குவளை தண்ணீர் விட்டால் காற்றில் அலையாமல் நேரே போய் விழும். 15 அடி நீளக் கம்பு ஒன்றும் நூறு அடிக் கயிறும் வேண்டும். கயிறு வாங்கும்போது கவனம்: நைலோன் கயிறு அமிழும். மீனவர் பாவிக்கும் பொலிப்புரொப்பிலீன் கயிறே மிதக்கும். இவற்றைத் தலைவர் வீட்டு அறையில் பூட்டி வைப்பதால் பயனில்லை. துருசடியிலோ குளிக்கும் துறையிலோ எவரும் எடுக்கக்கூடியதாகத் தொங்கவிட வேண்டும். ரியூபைப் பிள்ளைகள் எடுத்து விளையாடுவார்கள், உண்மைதான். விளையாடிப் பழகிய பிள்ளைக்கு அது எங்கே இருக்கிறதென்றாவது தெரிந்திருக்கும்.

முதலில் கம்பை நீட்டு, எட்டாவிட்டால் கயிற்றை எறி, அதுவும் எட்டாவிட்டால் வள்ளத்தில் போ. நீந்திப் போவது இவை எல்லாவற்றுக்கும் பிறகு, அதுவும் மிதக்கும் பொருளொன்றோடு. மூழ்குபவர் கிடைத்ததைப் பற்றிக்கொள்வார். கிடைத்தது உமது கழுத்தாகவும் இருக்கலாம். சத்தம் போடாததால் அவர் விளையாடுகிறார் என்று எண்ணவும் வேண்டாம். மூழ்குபவருக்குக் கத்த மூச்சு இராது.

கரைக்குக் கொண்டுவந்ததும் தலைகீழாகத் தூக்கிச் சுழற்றுவதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் எமது ஊர்களில் இன்னும் நடக்கிறது. அது வீணாகும் நேரம். மூச்சில்லையென்றால் மல்லாத்திக் கிடத்தி, தலையைச் சற்றுப் பின்னே சாய்த்து, மூக்கைப் பொத்தி வாயோடு வாய் வைத்துச் சில முறை ஊத வேண்டும். அசைவின்றேல் நெஞ்சின் நடுவில் முப்பது அழுத்தம், இரண்டு ஊதல் என்று விடாமல் தொடர வேண்டும். இன்னொருவர் 1990ஐ அழைக்கட்டும். இந்த இலவச அம்புலன்ஸ் சேவை 2018இல் வட மாகாணத்துக்கும் வந்துவிட்டது. கண் விழித்து எழுந்து உட்கார்ந்தாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். நெஞ்சுக்குள் போன நீர் சில மணித்தியாலம் கழித்தும் மூச்சை அடைக்கும்.

ஆளைக் காணவில்லையென்றால் என்ன செய்வது? இங்கேதான் ஊர்க் குழு சுழியோடிக்குப் பெரிய உதவி செய்யலாம். அலையில்லாத குளத்தில் அமிழ்ந்தவர் பெரும்பாலும் அமிழ்ந்த இடத்துக்கு அண்மையிலேயே கிடப்பார். அந்த இடத்தைக் கண்ட இருவரைத் தனித்தனியே, அவரவர் நின்ற இடத்திலேயே மறுபடி நிறுத்துங்கள். எந்த மரத்துக்கு நேரே கண்டீர் என்று கேட்டுக் கையை நீட்டச் சொல்லுங்கள். இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் கல் கட்டிய ஒரு கானை மிதக்கவிட்டால் தேடவேண்டிய பரப்பு பெரிதும் குறைந்துவிடும். கூட்டம் கூடி ஆளுக்கொரு கதை சொல்லத் தொடங்குமுன் இதைச் செய்ய வேண்டும்.

துருசுப் பக்கம் எவரையும் இறங்க விடக்கூடாது. 10 அடி ஆழத்தில் ஒரு சதுர அடி வாய் திறந்திருந்து மறுபுறம் வெறுமையாய் இருந்தால், அதை அடைக்கும் உடலின்மேல் ஏறத்தாழ 280 கிலோ பாரம் அழுத்தும். எத்தனை பேர் சேர்ந்து இழுத்தாலும் ஆளை எடுக்க முடியாது. முதலில் நீர்ப்பாசன அலுவலரை அழைத்துக் கதவை மூடுவிக்க வேண்டும். வான் பாயும் இடமும் அவ்வாறே. 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறந்தபோது பாய்ந்த நீரின் வேகத்தைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கலங்கிய நீரில் கையால் தடவித் தேடுவோருக்கு வன்னியில் இன்னுமோர் ஆபத்து உண்டு. போர்க்காலத்து வெடிபொருட்கள் குளங்களிலும் கிடக்கின்றன. இரும்பு தட்டுப்பட்டால் அசைக்காமல் வெளியேறிப் பொலிசுக்கு அறிவிக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு சுழியோடப் பழக விரும்புபவர், நிறுத்தாமல் 200 மீற்றர் நீந்தவும் பத்து நிமிடம் மிதக்கவும் முதலில் பழகட்டும். சுழியோடும் பாடசாலைகள் தொடக்கத்திலேயே கேட்பது அதைத்தான். 1947இல் தொடங்கிய இலங்கை உயிர்காப்புச் சங்கத்தின் முறைப்படி உயிர்காப்புப் பயிற்சி பெறுவது அடுத்தது. அதன்பின் திருகோணமலை, நிலாவெளிப் பக்கத்துப் பாடசாலைகளில் சிறுபோகக் காலத்தில் கடல் தெளிந்திருக்கும்போது ஆரம்பப் பயிற்சியும் மீட்புப் பயிற்சியும் பெறலாம். ஆனால் தெளிந்த கடலில் பெற்ற சான்றிதழ், கை தெரியாத குளத்தில் இறங்கப் போதாது. அங்கே கயிறே கண். கரையில் ஒருவர் கயிற்றைப் பிடித்து அளந்து விட, சுழியோடி அரைவட்டமாகத் தடவிப் போவார். கயிற்றை இழுக்கும் எண்ணிக்கையே அவர்களின் பேச்சு. இறங்குவதற்கு ஆயத்தமாக இரண்டாவது சுழியோடி ஒருவர் கரையில் இல்லாவிட்டால் முதலாமவரும் இறங்கக்கூடாது. மன்னார்க் கடலில் முத்துக் குளித்தவர்களும் கயிறு பிடிக்க நம்பிக்கையான ஆள் இல்லாமல் கல்லில் கால் வைத்ததில்லை.

2018 யூன் 23இல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகைக்குள் வெள்ளம் புகுந்து 12 சிறுவர்களும் பயிற்றுநரும் சிக்கினர். அவர்களைக் கண்டுபிடித்த ரிக் ஸ்ரான்டனும் ஜோன் வொலன்தனும் பல்லாண்டுகள் குகைகளில் சுழியோடிப் பழகிய பிரித்தானியத் தொண்டர்கள். பதின்மூவரும் உயிரோடு வெளியே வந்தனர். ஆனால் தொண்டராக வந்த முன்னாள் கடற்படைச் சுழியோடி சமன் குணன், காற்றுச் சிலிண்டர்களை உள்ளே வைத்துவிட்டுத் திரும்புகையில் இறந்தார். அத்தனை பயிற்சி பெற்றவருக்கே அப்படி.

குழுவுக்கு மிகக் கடினமான வேலை நீருக்குள் இல்லை. பொழுது சாய்ந்த பின், குளக்கட்டில் ஒரு தாய் காலைப் பிடித்து, என் பிள்ளையை எடுத்துத் தாருங்கள் என்று கேட்கும்போது, இன்று இறங்க முடியாது அம்மா, விடியட்டும் என்று சொல்வதுதான் அது. உடலும் கிடையாத துயரம் என்னவென்று வன்னிக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரம் அமர்ந்த தாய்மாரை அறிந்த ஊர் இது. அதனாலேயே எவராவது ஓர் இளைஞன் மனம் பொறுக்காமல் குதித்துவிடுவான். அவனைத் தடுக்கும் பொறுப்பு யாருடையதென்று முன்னரே தீர்மானித்து வையுங்கள். ஊரில் சொல்லுக்கு மதிப்புள்ள பெரியவர் ஒருவரே அதற்குப் பொருத்தமானவர். நீந்தத் தெரியாதவராயினும் பரவாயில்லை. அந்தத் தாயின் அருகில் இரவு முழுதும் இருப்பதற்கு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் இருவரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

காலபோகக் கூட்டத்தில் கமக்கார அமைப்பினர் எல்லோரும் கூடுவார்கள். வாய்க்கால் துப்புரவு பற்றிப் பேசி முடித்ததும் இதற்கு அரைமணி ஒதுக்கலாம். கயிறும் கானும் எங்கே தொங்குவது, 119க்கும் இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117க்கும் அழைப்பது யார், வள்ளம் யாரிடம் உண்டு என்பவற்றைப் பெயரோடு எழுதிக் கிராம அலுவலரிடம் ஒரு பிரதி கொடுங்கள். வெயிலில் தொங்கும் கயிறு உக்கும். ஒவ்வொரு மாரிக்கும் முன் அதை இழுத்துப் பார்த்து மாற்ற வேண்டும்.