பவுனும் ஒரு வெளிநாட்டுக் காசுதான்



நம்ம வீட்டுல கல்யாணப் பேச்சு ஆரம்பிச்சா முதல் கேள்வியே "எத்தனை பவுன்?" என்பதுதான். இந்தப் பவுன் என்ற சொல்லே ஒரு வெளிநாட்டுக் காசிலிருந்து வந்தது. இங்கிலாந்தில் ஒரு பவுண்டு மதிப்புள்ள தங்கக் காசுக்கு சாவரின் என்று பெயர். அதைத்தான் நாம் பவுன் என்றும் சவரன் என்றும் சொல்கிறோம். அந்தக் காசின் எடை 7.98 கிராம். அதனால்தான் இன்றைக்கும் நகைக்கடையில் ஒரு பவுன் என்றால் 8 கிராம். அது 22 காரட் தங்கம். நீங்க கேட்டு வாங்குற 916-ம் அதே தரம்தான்.

இதை இப்போ ஏன் எழுதுறேன்னா, சில மாதங்களாக குழுக் கூட்டங்களில் ஒரு கேள்வி அடிக்கடி வருது. "பழைய காசு, வெளிநாட்டுக் காசு வச்சிருந்தா லட்சக்கணக்குல விலை கிடைக்குமாமே, உண்மையா?" எல்லாம் செல்போனில் வந்த வீடியோ. ஒரு உறுப்பினர் இதற்கு முன்பணம் கட்டுவதற்காக உள்கடன் கேட்டு விண்ணப்பமே கொடுத்துவிட்டார். கடன் எதுக்கு என்று கூட்டத்தில் மற்றவர்கள் கேட்டதால் விஷயம் வெளியே வந்தது. அதைப் பற்றி பின்னாடி சொல்றேன். முதல்ல காசைப் பார்ப்போம்.

நம்ம ஊர்களில் வெளிநாட்டுக் காசு இல்லாத தெரு குறைவு. சிங்கப்பூர், மலேசியா, குவைத், சவுதி என்று போய் வந்தவர்கள் சட்டைப் பையில் மிச்சமான சில்லறையோடு வருவார்கள். அதுக்கு முந்தின தலைமுறையில் சிலோன் தேயிலைத் தோட்டத்துக்கும் மலேயா ரப்பர் தோட்டத்துக்கும் போனவர்கள் உண்டு. 1964-ல் போட்ட சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களில் பாட்டியின் சுருக்குப் பையில் ராஜா தலை போட்ட சிலோன் சென்ட் இருந்தால் ஆச்சரியமில்லை. மலேயாப் பக்கம் 1919-லிருந்து சில வருடம் ஒரு சென்ட் காசு சதுரமாகவே அடித்திருக்கிறார்கள். அதை சிலர் கேரம் போர்டுக்கு வைத்து விளையாடுவதையும் பார்த்திருக்கிறேன்!

இப்படிப்பட்ட காசை வைத்திருந்தா தப்பா என்று சிலர் பயப்படுகிறார்கள். தப்பே இல்லை. வெளிநாட்டு நோட்டுக்குத்தான் வரம்பு உண்டு. நாணயத்தை எத்தனை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று 2015-ல் வந்த அந்நியச் செலாவணி விதியிலேயே இருக்கு. ஆனால் பணம் மாற்றுகிற இடங்களில் பெரும்பாலும் நோட்டைத்தான் வாங்குவார்கள், சில்லறையை வாங்க மாட்டார்கள். அதனால்தான் அது வீட்டிலேயே தங்கிப் போகிறது.

மதுரைக்கும் வெளிநாட்டுக் காசுக்கும் உள்ள உறவு நேற்று வந்ததில்லை. சுமார் 2000 வருடத்துக்கு முன்னாடி ரோமாபுரியிலிருந்து கப்பல்கள் நம்ம கடற்கரைக்கு வந்தன. இங்கிருந்து மிளகும் முத்தும் மெல்லிய துணியும் போச்சு. அங்கிருந்து பொன்னும் வெள்ளியும் வந்துச்சு. பிளினி என்ற ரோமானிய எழுத்தாளர், வருடத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் பணத்தை இந்தியா இழுத்துக்கொண்டு போகிறது என்று புலம்பியே எழுதியிருக்கிறார். செஸ்டர்ஸ் என்பது அவர்கள் நாட்டுக் காசின் பெயர்.

1898-ல் புதுக்கோட்டைப் பக்கம் கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒரே இடத்தில் கிடைத்தன. அதில் பெரும்பாலானவற்றில் ராஜாவின் தலைமேல் உளியால் ஒரு வெட்டு இருக்கு. மறுபடி யாரும் அதைக் காசாகப் பயன்படுத்தக் கூடாது, வெறும் தங்கமாக எடை போட்டுத்தான் வாங்க வேண்டும் என்று வெட்டியிருக்கலாம் என்பது ஒரு கருத்து. நம்ம ஆட்கள் அப்பவே உஷார்தான் என்று எனக்குத் தோன்றும்.

மதுரையில் கிடைத்தது வேறு மாதிரி. வைகை மணலில் சின்னச் சின்ன ரோமானியச் செப்புக் காசுகள் அகப்பட்டிருக்கின்றன. சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். பார்த்தால் குப்பை என்றுதான் நினைப்போம். இவை பொற்காசுகளுக்குப் பிந்தியவை, 4, 5-ம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. தங்கம் பெரிய வியாபாரத்துக்கு ஆகும். இந்தச் செப்புச் சில்லறை எதுக்கு? ரோமானியர்கள் மதுரையிலேயே குடியிருந்திருக்கலாம் என்று ராபர்ட் சிவெல் என்ற ஆங்கிலேய அதிகாரி 1904-லேயே எழுதினார். எல்லோரும் அதை ஒத்துக்கொள்ளவில்லை. வைகை கடலில் சேரும் பக்கத்தில் உள்ள அழகன்குளத்திலும் அகழாய்வில் இதே காலத்துக் காசுகள் வந்திருக்கின்றன.

இந்தச் செப்புக் காசுகளைத் தேடிச் சேர்த்தவர்களில் முக்கியமானவர் தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி. 2021-ல் காலமானார். கரூர், மதுரைப் பக்கம் கிடைத்த ரோமானியச் செப்புக் காசுகளைப் பற்றி 1994-ல் ஒரு புத்தகமே போட்டார். "பெருவழுதி" என்று பழைய தமிழ் எழுத்தில் பெயர் பொறித்த பாண்டியர் காசையும் அவர்தான் படித்துச் சொன்னார். இந்த மாதிரி காசு பழைய பித்தளையோடு எடைக்குப் போய் உருகிவிட்டால், கூடவே ஒரு சேதியும் உருகிப் போகும்.

அதனால் ஒரு முக்கியமான விஷயம். கண்மாயோ கிணறோ வெட்டும்போது, வீட்டுக்கு வானம் தோண்டும்போது பழைய காசோ நகையோ கிடைத்தால் அது மண்ணுக்குள்ளிருந்து வந்த புதையல். 1878-ம் வருட புதையல் சட்டம் இன்னும் இருக்கு. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தால் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் (அந்தக் காலத்துப் பத்து ரூபாய், இன்னும் அப்படியே வைத்திருக்கிறார்கள்). மறைத்தால் ஒரு வருடம் வரை ஜெயில். சொன்னால் எல்லாம் போயிடும் என்று நினைக்காதீங்க. அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டால் பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தர வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. எழுதத் தெரியாவிட்டால் வி.ஏ.ஓ. மூலமாகச் சொல்லலாம். எடுத்த இடத்தையும் ஆழத்தையும் குறித்து வையுங்கள். எங்கே கிடைத்தது என்று தெரியாத காசு பாதி ஊமை.

இப்போ அந்த வீடியோ கதைக்கு வருவோம். முதலில் காசின் படத்தை அனுப்பச் சொல்வார்கள். உடனே "இது ரொம்ப அபூர்வம், 3 லட்சம் தர்றோம்" என்பார்கள். அப்புறம் பதிவுக் கட்டணம், வரி, கூரியர் செலவு, ரிசர்வ் வங்கி சான்றிதழ் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். கட்டக் கட்ட அடுத்தது வரும். காசு வாங்குபவன் நம்மிடம் ஏன் பணம் கேட்கிறான் என்று அந்த நேரத்தில் தோன்றாது, ஆசை அப்படி. ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட் 4-ம் தேதியே அறிக்கை விட்டது: பழைய நோட்டு, காசு வாங்கி விற்கும் வேலை தங்களுக்கு இல்லை, அதற்குக் கட்டணமோ கமிஷனோ வசூலிக்க யாருக்கும் அதிகாரம் கொடுக்கவும் இல்லை. யாராவது ஏமாந்திருந்தால் வெட்கப்படாமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் பண்ணுங்க. தாமதம் ஆக ஆகப் பணத்தைப் பிடிப்பது கஷ்டம்.

உண்மை நிலவரம் என்னன்னா, வயசு மட்டும் விலை ஆகாது. 1600 வருடத்துச் செப்புக் காசுகூட அதிகமாகக் கிடைக்கும் ரகமாக இருந்தால் மலிவுதான். சாதாரண வெளிநாட்டுச் சில்லறையை எடைக்கே விற்கிறார்கள். குறைவாக அடித்ததா, தேயாமல் இருக்கிறதா, தேடுபவர் இருக்கிறாரா, இதுதான் விலையை முடிவு பண்ணும்.

விலைக்காக இல்லாமல் பிள்ளைகளுக்காகச் சேர்க்கலாம். ஒரு நோட்டு போதும். எந்த நாடு, எந்த வருடம், யார் கொண்டு வந்தது, அவர் அங்கே என்ன வேலை பார்த்தார் என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள். 1000 ஃபில்ஸ் சேர்ந்தால்தான் ஒரு குவைத் தினார் என்று கணக்கும் வரும். காசைத் தாள் உறையில் தனித்தனியாகப் போடுங்கள், ஈரம் ஆகாது. விளிம்பைப் பிடித்து எடுங்கள். ஒன்று மட்டும் தயவுசெய்து வேண்டாம். செப்புக் குடத்தைத் தேய்ப்பது மாதிரி புளி போட்டுத் தேய்க்காதீங்க. பளபளன்னு ஆகும், ஆனால் எழுத்து தேயும், சேகரிப்பவர் அதைத் தொடவும் மாட்டார்.

பிள்ளைகளிடம் ஒரு போட்டி வைத்துப் பாருங்கள்: எந்தக் காசில் தமிழ் எழுத்து இருக்கிறது? நம்ம ஒரு ரூபாய்க் காசில் இந்தியும் ஆங்கிலமும்தான் இருக்கும். சிங்கப்பூர்க் காசிலும் இலங்கைக் காசிலும் தேடச் சொல்லுங்கள்.