கையிருப்புத் தீரும் கண்வில்லை

கிண்ணியா, மூதூர், நிலாவெளி வாசகர்கள் பலரும் எழுதுவது ஒன்றே: கண்புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து வந்துவிட்டதாமே, பிறகேன் சத்திரசிகிச்சை?

புரை என்பது திரண்டுபோன புரதம் என்று அந்தச் சொட்டு மருந்தின் விளம்பரம் சொல்வது சரிதான். ஏன் திரள்கிறது என்பதை அது சொல்வதில்லை.

கண்வில்லையின் நிறையில் மூன்றிலொரு பங்கு புரதம், பெரும்பாலும் கிறிஸ்டலின்கள். ஒளி சிதறாமல் போவதற்காக வில்லையின் நார்க்கலங்கள் தம் கருவையே அழித்துக்கொள்கின்றன. அதன்பின் அங்கே புதுப் புரதம் உண்டாகாது. கருப்பையில் உருவான புரதமே எழுபது வயதிலும் வில்லையின் நடுவில் இருக்கிறது. அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கூடிய கதிரியக்கக் காபன் அதில் எவ்வளவு என்று அளந்து, ஒருவர் பிறந்த ஆண்டைக் கணிக்கலாமென டென்மார்க் ஆய்வாளர்கள் 2008இல் காட்டினார்கள்.

பழுதாகும் புரதங்களைத் திரளவிடாமல் பிடித்துவைப்பது ஆல்பா கிறிஸ்டலின். இதை ஜோசப் ஹோர்விட்ஸ் 1992இல் நிறுவினார். அது பழுதைத் திருத்துவதில்லை, பற்றிக்கொள்கிறது. பற்றியது பற்றியபடியே செலவாகிவிடும். நாற்பதைத் தாண்டும்போது வில்லையின் நடுவில் கரைந்த நிலையிலிருக்கும் ஆல்பா கிறிஸ்டலின் ஏறத்தாழத் தீர்ந்துவிடுகிறது. என்னைக் கலங்கவைப்பது இதுதான்: வாழ்நாள் முழுவதற்குமான இருப்பு ஒரே ஒரு தடவைதான் தரப்படுகிறது.

அந்த இருப்பு எவ்வளவு விரைவில் தீரும் என்பது புரதம் பழுதாகும் வேகத்தைப் பொறுத்தது. ஆகவே, ‘முதுமையால் வருவது’ என்ற சுகாதாரத் துண்டுப்பிரசுர விளக்கம் எனக்குப் போதவில்லை. அந்த வேகத்தை வெயிலும் சீனி வருத்தமும் புகைத்தலும் கூட்டுகின்றன. அமெரிக்காவின் செசபீக் குடாவில் 838 கடற்றொழிலாளரை ஆராய்ந்து 1988இல் வெளியான முடிவு, புறஊதாக் கதிரை அதிகம் வாங்கியவர்களுக்கு வில்லையின் ஓரப்பகுதிப் புரை அதிகம் என்றது. கொட்டியாறுக் குடாவில் உச்சி வெயிலில் வலை இழுப்பவருக்கு அகன்ற விளிம்புத் தொப்பியும் கண்ணாடியும் கிடைக்க வழிசெய்யாமல் வயதின் மேல் பழிபோடுவது நியாயமில்லை.

சொட்டு மருந்து? லனோஸ்டெரோல் என்னும் பொருளால் நாய்களின் புரை தெளிந்ததாக 2015இல் செய்தி வந்தது. அதே ஆண்டில், நோயாளிகளிடமிருந்து அகற்றிய 40 புரைகளைப் பெங்களூரு மருத்துவர்கள் அதே பொருளின் கரைசலில் ஆறு நாள் வைத்துப் பார்த்தார்கள்; தெளியவில்லை.

இன்னும் சில கேள்விகள். புரை முற்றும்வரை பொறுக்க வேண்டுமா? வேண்டாம்.

சத்திரசிகிச்சைக்குப் பின் திரும்ப வருமா? வராது, வில்லைக்குப் பின்னுள்ள சவ்வு மங்கினால் லேசர் போதும்.

சீனி வருத்தம் உள்ளவர்கள்? விழித்திரையையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.