காத்திருக்கும் மீனும் காத்திருக்காத மீனும்

கடல் உணவு பஃபேயில் தட்டைக் கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியது, எந்தப் பதார்த்தம் காத்திருப்பைத் தாங்கும், எது தாங்காது என்பதைத்தான். ஆட்டுக்கறி மணிக்கணக்காகச் சூட்டில் இருந்தால் இன்னும் மென்மையாகும். மீனின் சதை அப்படி இல்லை. அது சில நிமிடங்களிலேயே வெந்துவிடும். அதற்கு மேலும் சூட்டில் கிடந்தால் சதை இறுகி, உள்ளே இருக்கும் நீர் வெளியேறிச் சக்கையாகும். கணவாய் ரப்பர் மாதிரி இழுக்கும். பொரித்த நெத்திலி, மூடி போட்ட பாத்திரத்தின் ஆவியில் நமுத்துப்போகும்.

மீன் குழம்பு தாங்கும். புளியும் மிளகாயும் ஊற ஊற அதன் ருசி கூடத்தான் செய்யும். நண்டு மசாலாவும் ஓரளவு தாங்கும், ஓடு காப்பாற்றும். இறாலை வடிவத்தைப் பார்த்தே எடைபோடலாம்: லேசாக வளைந்திருந்தால் பதம், வாலும் தலைப்பக்கமும் ஒட்டும்படி வட்டமாகச் சுருண்டிருந்தால் அதிகம் வெந்தது.

ஆகவே கண்முன் சமைத்துத் தரும் கவுன்ட்டருக்கு முதலில் போங்கள். தவாவில் போட்ட வஞ்சிரத் துண்டைக் கவனியுங்கள். ஓரத்தில் பளபளப்பு மங்கி வெள்ளையாகும். அந்த வெள்ளை மெல்ல நடுமுள் பக்கம் நகரும். முள்ளை ஒட்டிய சதை பிடிவிடத் தொடங்கும்போது எடுத்துவிட்டால் அதைப்போல் ருசி வேறில்லை. "அண்ணே, ரொம்ப முறுக வேண்டாம்" என்று கேட்டு வாங்குங்கள், தயங்க வேண்டியதே இல்லை.

அடுத்தது, பருவம். தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மீன்கள் முட்டையிட்டுப் பெருகுவதற்கான இடைவெளி அது. அந்நாட்களில் சென்னை பஃபே மேசைக்கு வருவது நாட்டுப்படகு மீன், கேரளத்து மீன், உறைய வைத்த மீன், பண்ணையில் வளர்த்த இறால், கொடுவா. மேற்குக் கரையிலும் ஜூனில் தடை தொடங்கிவிடுவதால் அந்த மாதத்தின் முதல் பாதிதான் மிகவும் நெருக்கடி. பண்ணை இறால் மட்டமானது என்று நான் சொல்லமாட்டேன். 2009இல் இந்தியாவில் அனுமதி பெற்ற வனாமி இறால் ஆண்டு முழுக்கக் கிடைக்கிறது, புதிதாக இருந்தால் நன்றாகவே இருக்கும். ஆனால் முள்ளில்லாத வெள்ளைத் துண்டாக வரும் ஃபிஷ் ஃபிங்கர் பல இடங்களில் பாசா மீன். அது நன்னீர் மீன். கடல் மீனுக்காகப் போனவர் அதில் வயிற்றை நிரப்பிக்கொள்ள வேண்டாம்.

பாதுகாப்பைப் பற்றி ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் பிடித்த பிறகு ஐஸில் இல்லாமல் கிடந்தால், கிருமிகள் அவற்றின் சதையில் ஹிஸ்டமைனை உண்டாக்குகின்றன. எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. நாக்கில் மிளகு பட்டது போன்ற சுரீர் உணர்வு வந்தால் அந்தத் துண்டை அப்படியே வைத்துவிடுங்கள். சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து தலைவலி வந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். சூடான பதார்த்தம் 60 டிகிரிக்கு மேல், குளிர்ந்தது 5 டிகிரிக்குள் இருப்பதுதான் முறை. குழம்பில் ஆவி இல்லை, சாலட் இறாலுக்கு அடியில் ஐஸ் உருகிக் கிடக்கிறது என்றால் எடுக்காதீர்கள். பச்சைச் சிப்பியை கர்ப்பிணிகளும் ஈரல் நோய் உள்ளவர்களும் தொடவே கூடாது.

இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர் உங்களோடு வருகிறார் என்றால் மேசை பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். கோழியைப் பொரிக்கும் எண்ணெயும் இறாலைப் பொரிக்கும் எண்ணெயும் ஒன்றாக இருக்கலாம். பரிமாறும் இடுக்கியும் ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.